ஏழாவது கையெழுத்து

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டுமாம்.
ஆறு பேர் இருந்தோம்.
ரிஜிஸ்டர் எழுதத் தெரிந்ததால் நான் பொருளாளர்.
பொருள் என்று பார்த்தால்
எழுபத்தெட்டு ரூபாய்,
கழுவிக் கவிழ்த்த குவார்ட்டர் பாட்டில்கள் பதினெட்டு.

வேலூர் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர்
படிவத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"ஆத்துப் பேர்ல நிறைய சங்கம் இருக்கும்மா.
ஆறுதான் இல்ல. வேற பேர் கொண்டாங்க."
எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே யோசித்தோம்.
ஷம்ஷாத் பேகம் இரண்டு மிடறு விழுங்கிவிட்டு
"இந்த ஊர் டீயில உப்பே இல்லையே" என்றாள்.
உப்புக்கிணறு என்று எழுதிக் கொடுத்தோம்.

ஏழாவது ஆளுக்கு ஒரு மாதம் அலைந்தோம்.
வாத்தியாருக்குப் பென்ஷன் பயம்.
மளிகைக் கடைக்காரருக்குத் தோல் ஷாப்பில்தான் பாதிக் கடன் நிலுவை.
கடைசியில் ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு
ஆம்பூர் ரோட்டில் வந்த மாசிலாமணி
சைக்கிளை விட்டு இறங்காமல்
ஒரு கால் ஊன்றிக் கையெழுத்துப் போட்டார்.
டிரம் ஓட்டுகிறவர்.
குரோம் தின்ற விரல் முட்டிகளில் வெள்ளைக் குழிகள்.
தொழில் என்ற கட்டத்தில் விவசாயம் என்று போடச் சொன்னார்.
"பொய் இல்லம்மா. ரெண்டு காணி இருக்கு.
விளையலன்னா அதுக்கு நான் என்ன பண்ண?"

பிறகு வளர்ந்தோம்,
ஆற்று மணலில் சீமைக்கருவேலம் வளர்கிற மாதிரி,
யாரும் தண்ணீர் ஊற்றாமல்.
மகளிர் குழுக் கடனில் மீட்டர் வாங்கினோம்.
கிணற்றில் வாளி விட்டு மொண்டு
எண்ணைச் சத்தமாகப் படிப்பேன்.
பிள்ளையின் மார்க்கைக் கேட்பதுபோல் பெண்கள் சுற்றி நிற்பார்கள்.
"நாலாயிரத்து முந்நூறு."
"பாஸா, ஃபெயிலா?"
ஒரு ஊர் நாலாகி, நாலு ஊர் இருபத்தாறாகி,
சென்னையில் வழக்கு;
வக்கீல் மேசை மேல் எலுமிச்சம்பழ அளவில் எங்கள் தேங்காய்.

தீர்ப்பு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் லட்டு கொடுத்தோம்.
மூடச் சொன்ன ஒன்பது தொழிற்சாலைகளில்
ஆறாவது, மாசிலாமணியின் டிரம் சுற்றிய இடம்.
அந்தப் பட்டியலை டைப் அடித்தது நான்.
அடிக்கும்போதே தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.
வருகை: ஏழு.
வேலை போனவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று
ஒரே ஒரு கேள்வி.
தீர்மானம் நான்கு: நிதி இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது.
என் கையெழுத்து, அழகான கையெழுத்து.

நிதி பிறகு வந்தது.
சத்துவாச்சாரியில் மாடி அலுவலகம்,
பதினாலு பேருக்குச் சம்பளம், ஒரு ஜீப்,
மூலையில் இருபது லிட்டர் கேன் தண்ணீர்.
ஆண்டறிக்கையின் வழவழத் தாளில்
நிறுவனர்கள் படத்தில் ஆறு பேர்தான்.
அப்போது போட்டோவுக்கு நிற்க அவருக்குப் பயம்.
இப்போது யாரும் கூப்பிடவில்லை.

மூடிய அதே தொழிற்சாலைக்கு அவர் இரவுக் காவல்.
மாதத்தின் முதல் சனிக்கிழமை
கண்டக்டர் கையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் வந்துவிடும்.
கழுத்தில் நூல், நூலில் தேதி.
புதிதாகச் சேர்ந்த பையன் எடுத்து ஓரமாக வைத்தான்:
"இந்த பாட்டில்ல சாம்பிள் எடுக்கக் கூடாது மேடம்."
நானே பழைய மீட்டரைத் துடைத்து முக்கினேன்.
போன் போட்டேன்.
"போன மாசத்துக்கு அறுபது கம்மி."
அந்தப் பக்கம் நாய் குரைக்கிறது.
"ஓரத்துல கேவுரு முளைச்சிருக்கு" என்கிறார்.
"கதிர் வருமான்னு தெரியல."

மேசையில் இந்த வருடப் புதுப்பிப்புப் படிவம்.
பெயர் எழுதிவிட்டேன்.
தொழில் என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது.
மை கசிந்து ஒரு புள்ளி.
அதன் பக்கத்தில் ஆரம்பித்தேன்:
வி